எந்த நூறு?

ஏலக்காய்க் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் என் மகள் தனலட்சுமியும் ஒருத்தி என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன். நிறையக் கோபத்தோடும் எழுதுகிறேன்.

கோபம் ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் தனம் வேலை முடிந்து வந்து, சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே சிரிப்பு. உங்களில் ஒரு பையன், ஆயிரம் ரூபாய்க் காய்க்குப் பத்து சதவீதம் ஏற்றி ஆயிரத்து நூறு என்று விலை சொன்னானாம். வந்தவர் முகத்தைச் சுளித்ததும், "சரிங்கண்ணே, அந்தப் பத்து சதவீதத்தைக் கொறைச்சுக்கிறேன், பழைய வெலைக்கே எடுத்துக்கங்க" என்று பில் போட்டானாம். பில்லில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு விழுந்திருக்கிறது. பத்து ரூபாய் எங்கே போனது என்று கடையே தேடியதாம். ஒருத்தர் மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பத்து ரூபாய யாரு எடுத்தான்னு எவனாச்சும் கேட்டானா?" என்றேன்.

"கேட்டாங்கப்பா. வெளையாட்டுக்குத்தான்."

விளையாட்டுக்காம்! பிள்ளைகளா, இதே போடியில், இதே தொழிலில், இதே கணக்குக்காக ஒரு பெண்ணைத் திருடி என்றார்கள். அது விளையாட்டுக்கு இல்லை. அவரை நடுக்கடையில் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். உங்கள் கடையில் இல்லை, வேறொரு கடையில் என் சோலி எடை பார்ப்பது, காய் ஆயும் பெண்களுக்குச் சரக்கு பிரித்துக் கொடுப்பது, சாக்கில் மையால் குறி எழுதுவது. காயின் பச்சை நிறம் போகாமல் எப்படி வைப்பது, எந்தச் சல்லடையில் எது நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்குப் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். அதற்கு என் எழுத்து வேண்டாம். பழகினாலும் கைக்கு வராத ஒன்று இருக்கிறது. முதலாளியாகவே முப்பது வருசம் இருந்தாலும் வராது. அதைப் பற்றித்தான் இது.

அந்தப் பெண் பேர் பேச்சியம்மாள். குரங்கணிக்காரர். மலைச்சரிவில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் ஏலம் வைத்திருக்கும் சின்னச் சம்சாரிகளிடம் காய்ந்த காயாக எடை போட்டு எடுத்து, மொக்கராசு ஓட்டும் ஜீப்பில் எங்கள் கடைக்கு இறக்குவார். கிலோவுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலியைக் கடை தனியாகக் கொடுக்கும். அந்தச் சம்சாரிகள் அவர் தராசைத் தவிர வேறு தராசில் காயைக் கொட்டமாட்டார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. முள் நிற்கும்வரை அவர் பேசமாட்டார். மற்ற நேரமெல்லாம் பேசுவார். பெயருக்கு ஏற்ற வாய்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் மதுரையிலிருந்து ஒரு பலகாரக்கடைக்காரர் பருவெட்டுக் காயாக, பெரிய காயாகவே, நூற்றிருபது கிலோ வேண்டும் என்று அவசரப்பட்டார். முதலாளி அப்போது சின்னமனூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே போனில் பேச்சியக்கா விலை சொல்ல, முதலாளி மனக்கணக்கிலேயே அதன் மேல் நூற்றுக்கு இருபத்தைந்து போட்டு, அடுத்த நிமிடமே மதுரைக்காரரிடம் கிலோ இரண்டாயிரத்து ஐந்நூறு என்று முடித்துவிட்டார். துண்டுச் சீட்டு எழுத நேரமில்லை. சரக்கு வந்தது, போனது. பேச்சியக்கா கேட்ட தொகையைக் கல்லாவில் இருந்தவர் கொடுத்தனுப்பினார். கிலோவுக்கு இரண்டாயிரம்.

தீபாவளி முடிந்து முதலாளி கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். மதுரையிலிருந்து வந்தது மூன்று லட்சம். பேச்சியக்காவுக்குப் போனது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மிச்சம் அறுபதாயிரம்.

"நூத்துக்கு இருபத்தஞ்சுல்ல போட்டேன்?" என்றார். போனை எடுத்தார். மூன்று லட்சத்துக்கு இருபத்தைந்து சதவீதம் தட்டினார். எழுபத்தைந்தாயிரம் என்றது போன். "பதினஞ்சாயிரம் எங்க?"

மறுபடி தட்டினார். விற்ற விலை இரண்டாயிரத்து ஐந்நூறு, அதில் இருபத்தைந்து சதவீதம் போக ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து. "அன்னைக்குப் போன்ல அவ சொன்னது இந்த வெலைதான். எனக்கு இப்ப ஞாபகம் வருது. மேளச் சத்தத்துல நான் கவனிக்கலைன்னு நெனைச்சு ரெண்டாயிரமா வாங்கிருக்கா. கிலோவுக்கு நூத்தியிருபத்தஞ்சு. நூத்தியிருபது கிலோ. சரியாப் பதினஞ்சாயிரம். பாத்தியா, சில்லறைகூட மிச்சமில்லாம கணக்கு உக்காருது!"

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். தப்பான கணக்கும் சில்லறை மிச்சமில்லாமல் உட்காரும். அது உட்கார்ந்த அழகைப் பார்த்தே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நடக்காத பேச்சு ஒன்று அவர் காதில் கேட்டுவிட்டது.

அதோடு விட்டாரா? மேலே ஒரு சம்சாரிக்குப் போன் போட்டு, "பேச்சி ஒங்களுக்கு என்ன வெல குடுத்துச்சு? நாங்க ரெண்டாயிரம் குடுத்துவிட்டோம்" என்றார். அந்த மனுசன் தனக்கு வந்ததும் இரண்டாயிரம்தான் என்றார். முதலாளி போனை வைத்துவிட்டு, "அவ ஆளு, அவ சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுவான்" என்றார். மேலே அந்த மனுசனோ, கடை ஏன் இப்படிக் கேட்கிறது, பேச்சி நம்மிடம் எதையோ அமுக்கிவிட்டாளோ என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசித்ததைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொன்னார். கடைக்கு அவர் கூட வாங்கிய திருடி, மலைக்கு அவர் குறையக் கொடுத்த திருடி. ஒரே பதினைந்தாயிரத்தை ஒருத்தி எப்படி இரண்டு பக்கமும் திருட முடியும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்த லோடோடு பேச்சியக்கா இறங்கினார். இருபது பெண்கள் வரிசையாகச் சொளகு வைத்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். முதலாளி மேசைமேல் ஒரு சூடக்கட்டியைக் காகிதத்தோடு வைத்தார்.

உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் களவு, சண்டை என்று வந்தால், சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தவரைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் கூட்டல் கழித்தலுக்குச் சாமியைச் சாட்சிக்கு இழுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முக்குல கருப்பசாமி கோயிலு இருக்கு. பதினஞ்சாயிரத்தத் தொடலைன்னு அடிச்சிட்டு வந்துரு. நான் ஒண்ணும் கேக்கலை" என்றார் முதலாளி. அவர் அதைப் பெருந்தன்மை என்றே நினைத்தார்.

"எந்தப் பதினஞ்சாயிரம்?" என்றார் பேச்சியக்கா.

முதலாளி போனைக் காட்டினார். தட்டிக் காட்டினார். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து. "போனு பொய் சொல்லுமா?"

பேச்சியக்கா போனைப் பார்க்கவில்லை, சூடத்தைப் பார்த்தார். ஆயும் பெண்களின் கைகள் நின்றுவிட்டன. பின்வரிசையில் ஒருத்தி மெதுவாக, "அடிச்சிட்டு வந்துரு அக்கா, கையிதான கொஞ்சம் சுடும்" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள்.

"ஏன் ஆத்தா," என்று திரும்பினார் பேச்சியக்கா, "இன்னைக்கு அடிச்சிட்டேன்னு வச்சுக்க. மொதலாளி நம்பிருவாரு. கணக்கு மாறிருமா? அப்படியே கோணலாத்தான நிக்கும்? அடுத்த லோடுக்கும் சூடம் அடிக்கவா? லோடுக்கு ஒரு சூடம்னா எனக்கு உள்ளங்கை மிஞ்சுமா?"

"அப்ப அடிக்கமாட்டே" என்றார் முதலாளி.

"மாட்டேன்."

"அடிக்க மாட்டேங்கிறவ ஏன் மாட்டேங்கிறான்னு ஊருக்குத் தெரியும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "மொதலாளி, இது அநியாயம்! பேச்சியக்கா அப்படிப்பட்ட ஆளா?" என்று கத்தினேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கும் அதுல பங்கு உண்டோ?" என்றார்.

கத்தியதற்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். 'நல்ல ஆள்' என்பது பதினைந்தாயிரத்துக்குப் பதில் ஆகாது. என் கோபம் நியாயமான கோபம். அதைக் கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை. நான் வாயை மூடினேன். எங்கேயோ தப்பு இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. கூட்டினால் வருகிறது, கழித்தால் இடிக்கிறது.

அப்போது பேச்சியக்கா ஒன்று கேட்டார். ஏளனமாகத்தான் கேட்டார். பதினைந்தாயிரமும் நூறு ரூபாய்த் தாளாகத் தன் இடுப்பில் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா என்கிற மாதிரி, முந்தானையை உதறிக் காட்டி, "நூத்துக்கு, நூத்துக்குன்னு சொல்றீகளே, எந்த நூறுய்யா அது? காட்டுங்க, பாப்போம்!" என்றார்.

அவர் கேட்டது ரூபாய்த் தாளை. எனக்குள் விழுந்தது வேறு.

எந்த நூறு? கூட்டும்போது முதலாளி நூறு என்றது வாங்கிய விலையை. அந்த நூற்றுக்கு இருபத்தைந்து. இப்போது கழிக்கும்போது நூறு என்கிறது விற்ற விலையை. இது வேறு நூறு, பெரிய நூறு. சின்ன நூற்றில் போட்ட கால் பங்கைப் பெரிய நூற்றில் வெட்டி எடுத்தால் அதிகமாகத்தான் வெட்டுப்படும். வெட்டுப்பட்டது பேச்சியக்கா.

ஒரு காலிச் சாக்கை எடுத்துத் தரையில் விரித்தேன். குறி எழுதும் மைக்குச்சியை எடுத்தேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதாத எழுத்தைச் சாக்கில் எழுதினேன். x.

"என்னய்யா இது, ஏலக்காய்க் கடைல இங்கிலீசு எழுத்து?" என்றார் முதலாளி.

"இது வாங்குன வெலைக்குப் பேரு மொதலாளி. இன்னும் நமக்குத் தெரியாது. அதனால பேரு மட்டும் வச்சிருக்கேன்."

"எனக்குத்தான் தெரியுமே. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சு."

"அப்படியே இருக்கட்டும். அதுல இருபத்தஞ்சு சதவீதம் ஏத்துங்க. அன்னைக்குக் கல்யாண வீட்டுல ஏத்துன மாதிரியே. நீங்களே தட்டுங்க."

தட்டினார். போன் இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பத்துமூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு என்றது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். அதே எண்.

வாசலில் ஜீப்புச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற மொக்கராசு, "சார்ச்சு எறங்கிருச்சு போல மொதலாளி, சொருகி வச்சுப் பாருங்க" என்றான். ஆயும் பெண்கள் சொளகால் வாயை மறைத்துக்கொண்டார்கள்.

"நீங்க வித்தது ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு" என்றேன். "ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சுல கால் ஏத்துனா அந்த வெல வரலை. அப்ப அது வாங்குன வெல இல்ல."

பிறகு சாக்கில் எழுதியதை வாய்விட்டே படித்தேன். வாங்கிய விலை x. அதில் நூற்றுக்கு இருபத்தைந்து என்றால் x-இல் நாலில் ஒரு பங்கு. x-உம் அதன் கால் பங்கும் சேர்ந்ததுதான் விற்ற விலை.

x + x/4 = 2500

முழுசு ஒன்று நாலு கால். மேலே ஒரு கால். ஆக ஐந்து கால் சேர்ந்து இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒரு கால் ஐந்நூறு. நாலு கால் இரண்டாயிரம்.

x = 2000

"ரெண்டாயிரத்துல கால் ஐந்நூறு. ஏத்துங்க மொதலாளி."

அவர் தட்டவில்லை. அது மனக்கணக்கிலேயே அவருக்கு வரும். கல்யாண வீட்டில் வந்த அதே கணக்கு. அவர் முகத்தில் அது வந்து நின்றதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "தப்பாச் சொல்லிட்டேன் பேச்சி" என்றாரா? "மேலே நானே போன் போட்டுச் சொல்றேன்" என்றாரா?

"சரி, சரி. லோட எறக்குங்க. வெரசா, மழை வருது" என்றார். சூடத்தைக் காகிதத்தில் சுருட்டி மேசை டிராயருக்குள் தள்ளினார்.

இதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கணக்குத் தப்புவது பெரிய குற்றம் இல்லை. நான் தப்பியிருக்கிறேன், நீங்களும் தப்புவீர்கள். தெரியாத விலைக்கு x என்று பேர் வைக்கச் சோம்பல்பட்டு, தெரிந்த பெண்ணுக்குத் திருடி என்று பேர் வைத்தாரே, அதுதான் குற்றம். விலையை அழித்து எழுத அரை நிமிடம் போதும். ஒருத்தர் மேல் வைத்த பேரை எதைக் கொண்டு அழிப்பது?

போன் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளா. இரண்டாயிரத்து ஐந்நூற்றில் இருபத்தைந்து சதவீதம் போக எவ்வளவு என்று கேட்டார், அதற்குச் சரியான பதிலைச் சொன்னது. கேட்டதுதான் தப்பான கேள்வி. உங்கள் கையில் இருக்கும் கால்குலேட்டரும் அப்படித்தான். எந்த நூறு என்று அது உங்களைத் திருப்பிக் கேட்காது. நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சியக்கா லோடை இறக்க நகரவில்லை. "மொதலாளி, அந்தச் சூடத்த உள்ள வைக்காதீக. வெளிய இருக்கட்டும்" என்றார்.

"எதுக்கு?"

"நான் அடிக்கணும்னு வாங்கியாந்தது. எனக்கு இப்ப அது வேண்டியதில்லை. வாங்குன காசு வீணாகலாமா? ஒரு பொம்பளையத் திருடின்னு சொல்றதுக்கு முன்னால ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாத்தேன்னு நீங்க அடிங்க. முக்குலதான கோயிலு."

முதலாளி டிராயரைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்கோ போன் பேசுகிற மாதிரி வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பேச்சியக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தச் சாக்கக் குடு."

"எதுக்குக்கா?"

"இங்க தீந்துருச்சு. மேல தீரலையே. அவரு மன்னிப்புக் கேட்டா மலைக்குக் கேக்குமா? இது கேக்கும்."

சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அன்றைய லோடை இறக்காமலே திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்து நடந்ததை மொக்கராசு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். குரங்கணியில் தராசு தொங்கும் கம்பத்தில் பேச்சியக்கா அந்தச் சாக்கை ஆணி அடித்து மாட்டினாராம். காய் கொண்டுவந்த சம்சாரிகளிடம், "எனக்கு எடை போடுறதுக்கு முந்தி இதப் படிங்க. படிச்சிட்டு நான் யாரு காசையாச்சும் எடுத்திருக்கேனான்னு சொல்லுங்க. அதுவரைக்கும் தராசுல கை வைக்கமாட்டேன்" என்றாராம். x என்றால் என்ன என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் கோட்டுப் படத்தில் புரியவைத்திருக்கிறார். தரையில் நாலு கோடு போட்டு, இது நான் உங்களுக்குக் கொடுத்தது, பக்கத்தில் ஐந்தாவது கோடு, இது கடை ஏற்றியது, ஐந்தும் சேர்ந்தது மதுரைக்காரன் கொடுத்தது. "அஞ்சு கோட்டுல ஒரு கோடு கடைக்கு. ஆனா மொதலாளி அஞ்சையும் நாலாப் பங்கு வச்சு ஒண்ணத் தேடியிருக்காரு. கெடைக்குமா?"

முதன்முதலில் போன் வந்த அந்த மனுசன்தான் முதலில் தன் காயைத் தூக்கித் தராசில் வைத்தாராம். ஒன்றும் பேசவில்லையாம். முள் நிற்கும்வரை பேச்சியக்காவும் பேசவில்லையாம். நின்ற பிறகு அந்த மனுசனைப் பேசிய பேச்சை மொக்கராசு எனக்கு முழுசாகச் சொன்னான். அதை எழுதக்கூடாது.

கொஞ்ச நாளில் இன்னொன்று நடந்தது. அந்த மலையில் ஒருத்தர் அவசரத்துக்கு வேறொரு வியாபாரியிடம் கிலோ ஆயிரத்து அறுநூறுக்குக் காயைக் கொடுத்துவிட்டார். அவர் செலவு, கூலி எல்லாம் பார்த்தால் நூற்றுக்கு இருபது நட்டம். அந்த வியாபாரி மறுமுறை வந்து, "பாவம், போன தடவ ஒங்களுக்கு இருபது சதவீதம் நட்டமாமே. இந்தத் தடவ அந்த வெல மேல இருபது சதவீதம் ஏத்தித் தர்றேன், முதலுக்கு மோசமில்லாமப் போயிரும்" என்றான். பெரிய தருமவான் மாதிரி. சம்சாரி கையெடுத்துக் கும்பிடப் போனாராம்.

பேச்சியக்கா கேட்டார்: "எந்த நூறு?"

நட்டம் இருபது என்றது அவர் போட்ட முதலுக்கு. x-இல் ஐந்தில் ஒரு பங்கு போனது. மிச்சம் நாலு பங்கு ஆயிரத்து அறுநூறு. ஒரு பங்கு நானூறு. அப்படியானால் அவர் முதல் இரண்டாயிரம். வியாபாரி ஏற்றுகிற இருபது ஆயிரத்து அறுநூற்றின் மேல். முன்னூற்று இருபதுதான் ஏறும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கிலோவுக்கு எண்பது ரூபாயை எடுத்துக்கொண்டு, கும்பிடையும் வாங்கிக்கொண்டு போகப் பார்த்தான்.

"எண்ணே, எறங்கும்போது நாலடிப் படி, ஏறும்போது மூணடிப் படியா வச்சா மேல வந்து சேர முடியுமா?" என்று அவனைக் கேட்டாராம் பேச்சியக்கா. அவன் தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தாலும் நட்டம் சம்சாரிக்குத்தான், தெரிந்து செய்தாலும் நட்டம் சம்சாரிக்குத்தான். இந்தத் தப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பலமில்லாதவர் மேல்தான் விழுகிறது. கல்லாவில் இருக்கிறவர் தலையில் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

பேச்சியக்கா அதற்குப் பிறகு எங்கள் கடைக்குக் காய் போடவில்லை. மலையும் அவரோடு போய்விட்டது. முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, குரங்கணிப் பக்கத்துச் சரக்கு நின்றதில் நமக்கு நூற்றுக்கு எவ்வளவு வியாபாரம் குறைந்திருக்கும் என்று பார்க்கச் சொன்னார்.

"எந்த நூறுக்கு மொதலாளி?" என்றேன்.

நான் ஏளனமாகக் கேட்கவில்லை. போன வருசத்து வியாபாரத்துக்கா, இந்த வருசத்துக்கா என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போடவே முடியாது. ஆனால் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வேணாம், விடு" என்றார். அந்த டிராயர் அவர் முழங்காலுக்கு நேராகத்தான் இருந்தது.

பிள்ளைகளா, உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கணக்கு இடித்தால் ஆளைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். தெரியாத விலையைத் தெரிந்த மாதிரி பேசாதீர்கள். அதற்கு ஒரு பேர் வையுங்கள், x-ஓ, வாழைப்பழமோ, எதுவாக இருந்தாலும் சரி. வந்த விடையைத் திருப்பி ஏற்றிப் பாருங்கள், புறப்பட்ட இடத்துக்கு வருகிறதா என்று. வரவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். போன வாரம் அந்தப் பத்து ரூபாயை மேசைக்கு அடியில் தேடினீர்களே, அது மேசைக்கு அடியில் இல்லை. ஆயிரத்தில் பத்து சதவீதம் நூறு, ஆயிரத்து நூற்றில் பத்து சதவீதம் நூற்றுப்பத்து. அங்கே இருந்தது அது. பில் போட்ட பையனிடம் விளையாட்டுக்குக்கூட யாரும் "யாரு எடுத்தா" என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டவர் யாராக இருந்தாலும் அவனிடம் போய், தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். டிராயரைப் பூட்டாதீர்கள்.

தனம், நாளைக்கு முதல் தடவையாக நீ குரங்கணிக்குக் காய் எடுக்கப் போகிறாய் என்று சொன்னாய். தராசுக் கம்பத்துக்குப் பக்கத்தில் இப்போது சாக்கு இல்லை, மழையில் நைந்துபோய்விட்டதாம். ஆனால் நீ போய் நின்று, "தூசி, கழிவு நூத்துக்கு ரெண்டு பிடிப்போம்" என்று வாயெடுத்ததுமே காய்ச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு ஒரு சம்சாரி உன்னைக் கேட்பார், "எந்த நூறுத்தா? சாக்கோட நூறா, சாக்கு போக நூறா?"

உன்னைச் சந்தேகப்படுகிறார் என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. உன்னை யாரும் என்றைக்கும் சூடம் அடிக்கச் சொல்லாமல் இருப்பதற்கு அந்த மலையில் இருக்கும் ஒரே காவல் அந்தக் கேள்விதான். நின்று பதில் சொல். சொல்லிவிட்டுத் தராசைத் தொடு.